ராஜசேகரின் கறுப்பு பேட்ஜ்

ராஜசேகருக்குக் கையெழுத்து அழகாக வரும். 'ரா'வில் ஒரு கொக்கி, கடைசி எழுத்தின் புள்ளியில் ஓர் அழுத்தம், அடியில் ரூல் தடி வைத்த மாதிரி ஒரு கோடு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவார். அப்பேர்ப்பட்ட கையெழுத்தைப் போட மாட்டேன் என்று சொல்லித்தான் அவன் இரண்டு ஊர்களில் வம்பை விலைக்கு வாங்கினான். ஒன்று ஓசூர். இன்னொன்று கனடாவின் வடக்கே, வரைபடத்தில் விரலை வைத்தால் விரலுக்கடியில் மறைந்துபோகும் ஸ்டோன் ஹார்பர்.

ஸ்டோன் ஹார்பரை ஊர் என்று சொல்ல ராயக்கோட்டையில் பிறந்த ஒருவனுக்கு வாய் வராது. மொத்த ஜனத்தையும் திரட்டினாலும் ராயக்கோட்டைத் தக்காளி மண்டியின் காலைக் கூட்டத்துக்குக் காணாது. ஆனால் அதற்கு முனிசிபாலிட்டி உண்டு, மேயர் உண்டு, கவுன்சிலர்கள் உண்டு. வெளியூர் போக ரோடுதான் கிடையாது. குளிர்காலம் முற்றி ஏரி உறைந்தால் அதன்மேல் லாரி வரும். மற்ற நாட்களில் குட்டி விமானம், அதுவும் வானம் மனது வைத்தால். நிலம் கல்லாக உறைந்து கிடப்பதால் குழாய் பதிக்க முடியாது. வீட்டுக்கு வீடு ஒரு தொட்டி, தொட்டிக்குத் தண்ணி லாரி. ஓசூரில் லாரித் தண்ணிக்குக் காத்துக் கிடந்து வளர்ந்த குடும்பம் ஆயிற்றே! முதல் வாரமே மனைவி சரஸ்வதிக்குப் போன் போட்டு, "சரசு, பூமிக்கு இந்தாண்ட வந்தும் தண்ணி லாரிதான்" என்று சொல்லிச் சிரித்தான்.

அந்த லாரியைப் பழுது பார்க்கும் மெக்கானிக் வேலைக்குத்தான் முனிசிபாலிட்டி அவனை எடுத்திருந்தது. எவனும் போகாத ஊருக்கு, எவனும் எடுக்காத ஆள். எவனும் எடுக்காத ஆள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அதற்கு ஓசூர்க் கதையைச் சொல்ல வேண்டும்.

சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி. ராஜசேகர் அங்கே மெயின்டனன்ஸ் ஃபிட்டர். பிரஸ் மெஷினுக்குள் கை போனால் மெஷின் தானாக நிற்பதற்கு ஒரு சென்சார் உண்டு. அது வேலை செய்தால் உற்பத்தி கொஞ்சம் மெதுவாக நடக்கும். ஆகவே மேலே இருந்தவர்கள் அதை அணைத்து வைத்தார்கள். ராஜசேகர் சூப்பர்வைசரிடம் கன்னடத்தில் கத்தினான், மேனேஜரிடம் தமிழில் கத்தினான், யாரும் கேட்காதபோது தெலுங்கில் தனக்குத்தானே திட்டிக்கொண்டான். ஒரு நாள் மதிய ஷிஃப்டில், திண்டுக்கல் பக்கமிருந்து வந்து கான்ட்ராக்டில் வேலை பார்த்த அசோக்குமாரின் வலது கையில் மூன்று விரல்கள் போயின.

அடுத்த நாளே ஒரு பேப்பர் வந்தது. சென்சார் நன்றாகத்தான் இருந்தது, தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்று டைப் அடித்து, அடியில் ஃபிட்டர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். ராஜசேகர் போட மாட்டேன் என்றான். சங்கத்துக்காரர்களும் கூட நின்றார்கள். எல்லோரும் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு கேன்டீன் சாப்பாட்டைப் புறக்கணித்தார்கள்.

இது ஓசூர்த் தொழிலாளிக்கு நன்றாகத் தெரிந்த வழி. மெஷினை நிறுத்தினால் சட்டவிரோத ஸ்டிரைக் என்று நோட்டீஸ் வரும். சோற்றை நிறுத்தினால் யார் என்ன கேட்க முடியும்? வேலையைச் செய்வார்கள், உற்பத்தியைக் கொடுப்பார்கள், கம்பெனி சாம்பாரை மட்டும் தொட மாட்டார்கள். சட்டையில் ஒரு துண்டு கறுப்புத் துணி, முன்னால் காலித் தட்டு. அண்டா அண்டாவாகச் சோறு மிஞ்சுவதைப் பார்க்கப் பார்க்க மேனேஜருக்கு வயிற்றைக் கலக்கும்.

கலக்கத்தான் செய்தது. ஆனால் கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைத்து, மன்னிப்புக் கடிதம் ஒன்றை நீட்டினார்கள். வாடகை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு தட்டாகச் சோறு விழ ஆரம்பித்தது. கடைசியில் அந்தப் பெரிய கேன்டீனில் ராஜசேகரின் தட்டு ஒன்றுதான் காலியாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அவன் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார்கள். அந்த வார முடிவில் அவனை வெளியே அனுப்பினார்கள். சிப்காட்டில் ஒரு கம்பெனி வெளியே போட்டவனைப் பற்றி மற்ற கம்பெனிக்குச் சொல்லப் போன் ஒன்று போதும். எந்த கேட்டும் திறக்கவில்லை. பாகலூர் ரோட்டில் ஒரு லாரி பட்டறையில் சேர்ந்து, பிரேக்கும் ஆக்ஸிலும் பிரித்துப் பிரித்து வருஷங்களை ஓட்டினான். கனடா வேலை அந்தப் பட்டறை அனுபவத்துக்குக் கிடைத்ததுதான். ஆனால் அந்தக் காலித் தட்டின் கோபம் அவனுக்குள் ஆறவே இல்லை. ஆறவேண்டும் என்று அவனும் நினைக்கவில்லை.

இரண்டாவது குளிர்காலத்தில் ஸ்டோன் ஹார்பரில் வம்பு தொடங்கியது. ஊரில் தண்ணி லாரிகள் இரண்டு. ஒன்றின் இன்ஜின் அந்தப் பருவத்தின் ஆரம்பத்திலேயே படுத்துவிட்டது. மிச்சமிருந்த ஒரே லாரியைச் சோதித்தபோது, பின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் டிரம்மில் நீளமாக ஒரு விரிசல் தெரிந்தது. இப்படிப்பட்ட டிரம்மோடு சமதரையில் போகலாம், அதுவும் பயந்து பயந்து. ஆனால் ஏரியில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வரும் லாரி, மேட்டு வீடுகளுக்கு ஊற்றிவிட்டு, மிச்சத் தண்ணீரோடு ஒரு செங்குத்தான சரிவில் இறங்கியாக வேண்டும். சரிவின் அடியில் பள்ளிக்கூடம். பிள்ளைகள் அந்தச் சரிவிலேயே பனிவண்டி இழுத்து விளையாடும்.

ராஜசேகர் முனிசிபாலிட்டி மேனேஜர் கெவினிடம் போனான். கெவின் நல்ல உடை, நல்ல பேச்சு, யார் வந்தாலும் எழுந்து நின்று கை கொடுக்கும் மனிதன்.

"புது டிரம்முக்கு ஆர்டர் போட்டாயிற்று. ஏரி உறைந்ததும் லாரியில் வந்துவிடும். அதுவரை சமாளிப்போம்" என்றான் கெவின்.

"இந்த வருஷம் ஏரி இன்னும் சரியா உறையவே இல்லீங்களே. பிளேன்ல கொண்டாங்க."

இங்கே ஒரு விஷயம். அவன் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் அது ஓசூர் ஃபேக்டரி இங்கிலீஷ், அதை ராயக்கோட்டைத் தமிழில் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

"பிளேனில் சாப்பாட்டுச் சரக்குக்கே இடம் இல்லை" என்று கெவின் புன்னகை செய்தான். "போன மாதச் சோதனைக் கையெழுத்து இன்னும் செல்லும். அதை வைத்து கோர்டன் ஓட்டட்டும். இந்த மாதத் தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது."

"போட மாட்டேனுங்க. வேணும்னா ஒண்ணு செய்யலாம். லாரி சமதரையில மட்டும் ஓடட்டும். மேட்டு வீட்டுக்கெல்லாம் பிக்கப் வண்டியில ஒரு பிளாஸ்டிக் தொட்டிய வெச்சு நான் கொண்டு போறேன். எங்க ஊர்ல சந்து சந்தா அப்படித்தான் ஊத்துவாங்க."

"பிக்கப் விமான நிலைய வேலைக்கு வேண்டும், ராஜ். ஆபத்தான வேலையை மறுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதோ, சுவரிலேயே ஒட்டியிருக்கிறோம். நான் கட்டாயப்படுத்தவே மாட்டேன்." கெவின் மேசையிலிருந்த ஒரு கவரைத் தொட்டுக் காட்டினான். "உங்கள் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கவும், மனைவியையும் மகளையும் வரவழைக்கவும் நான் தர வேண்டிய கடிதம் இதில் இருக்கிறது. அதையும் இந்த மாதம்தான் பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம்."

ராஜசேகருக்குப் புரிந்துவிட்டது. ஓசூரில் மிரட்டுகிறவன் மிரட்டுகிறவனாகவே இருப்பான், மேசையைத் தட்டுவான், வாடா போடா என்பான். நாமும் பதிலுக்குக் கத்தலாம். இந்த ஆள் காபி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே கழுத்தில் கையை வைக்கிறான். இவனை எந்தப் பாஷையில் திட்டுவது?

வெளியூரில் இருக்கும் அரசுப் பாதுகாப்பு ஆய்வாளருக்குப் போன் செய்தான். அடுத்த விமானத்தில் வருகிறேன் என்றார் அவர். பனிக்காற்றில் அடுத்த விமானமே வரவில்லை. லாரி சரிவில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

அன்று மாலை, அதாவது ஓசூரில் விடிந்த நேரம், சரஸ்வதியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் பாகலூர் ரோட்டு வாடகை வீட்டில், மகள் வினிதாவுக்குச் சடை பின்னிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இந்த ஒரு வாட்டி போட்டுடுங்களேன்" என்றாள் கடைசியில். "ஒருவாட்டி போடாம இருந்து என்னா பாடு பட்டோம்னு உங்களுக்கே தெரியும். புள்ள நாளெல்லாம் அப்பாகிட்ட எப்பப் போறோம்னு கேக்கறா. அங்க எல்லாரும் வெள்ளக்காரங்க, நீங்க ஒத்தையாளு. உங்களுக்கு மட்டும் என்னாத்துக்கு இந்தப் பிடிவாதம்?"

அவனுக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதனால்தான் சுருக்கென்றது. போனை வைத்துவிட்டான்.

மறுநாள் அவளே கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது.

"அசோக்கு வந்துட்டுப் போனான். புள்ளைக்குக் காதுகுத்தாம், பத்திரிகை வெக்க வந்தான். பத்திரிகை மேல நம்ம பேரு எழுதணும்ல, இடது கையில எழுதறான். ஒண்ணாங்கிளாஸ் புள்ள கிறுக்கறாப்பல. நான் எழுதிக்கறேன், குடுன்னு சொன்னேன். 'இல்லக்கா, அண்ணன் பேரை நான்தான் எழுதணும்'னு வேர்த்து வேர்த்து எழுதினான்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நீங்க போடாதீங்க. பெர்மிட்டு போனா போவுது. இங்கியே வந்துடுங்க, பாத்துக்கலாம்."

ராஜசேகருக்குக் கண் நிறைந்துவிட்டது. நிறைந்த கையோடு தைரியமும் வந்தது. கறுப்பு பேட்ஜ் குத்துவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தான்.

துணிக்குத்தான் திண்டாட்டம். ஊரில் இருந்த ஒரே கடையில் துப்பாக்கிக் குண்டு கிடைக்கும், டின் மீன் கிடைக்கும், துணி கிடைக்காது. தன்னுடைய கறுப்பு சாக்ஸ் ஒன்றை வெட்டி, ஊக்கால் கோட்டின் மார்பில் குத்திக்கொண்டான். அடுத்து கேன்டீன் புறக்கணிப்பு. புறக்கணிக்கக் கேன்டீன் வேண்டுமே! அங்கே அவனவன் ரொட்டியை அவனவன் கொண்டுவந்து தின்பான். நல்ல வேளையாக, வெள்ளிக்கிழமை தோறும் முனிசிபாலிட்டி தன் ஆட்களுக்குச் சமூகக் கூடத்தில் சூப்பும் ரொட்டியும் கொடுக்கும். ஊர்க்காரர்களும் எட்டிப் பார்த்துப் போவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை ராஜசேகர் வரிசையில் நிற்கவில்லை. காலிக் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு, நெஞ்சில் கறுப்புத் துண்டோடு, நடு மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்தான். எதிரே கெவின் சூப் குடித்துக்கொண்டிருந்தான். இப்போது வயிறு கலங்கட்டும் என்று ராஜசேகர் காத்திருந்தான்.

கெவினுக்கு ஒன்றும் கலங்கவில்லை. ஆனால் கூடத்தில் பேச்சு மெல்ல அடங்கியது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சூப் ஊற்றிக்கொண்டிருந்த பெண்மணி கரண்டியை வைத்துவிட்டு வந்து, அவன் தோளில் கை வைத்து அழுத்திவிட்டுப் போனாள். லாரி ஓட்டும் கோர்டன், ஒரு வாரமாக அவனோடு முகம் கொடுத்துப் பேசாதவன், எழுந்து வந்து தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான். இந்த ஊரில் போராட்டத்துக்கு இத்தனை மரியாதையா என்று ராஜசேகர் நெகிழ்ந்து போனான்.

சாயங்காலம்தான் விஷயம் புரிந்தது. கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால், பக்கத்து வீட்டுக்காரி மீன் குழம்பு மாதிரி ஒன்றைச் சட்டியோடு நீட்டுகிறாள், கண்ணில் நீர். அவள் போன கையோடு இன்னொருவர் மான் கறியோடு. அப்புறம் ஒரு தட்டு ரொட்டி, ஆப்பிள் வைத்த ஒரு பலகாரம், உருளைக்கிழங்கு போட்டுச் சுட்டது ஏதோ ஒன்று. யாரும் உள்ளே வரவில்லை, யாரும் கேள்வி கேட்கவில்லை. கொடுத்துவிட்டு, கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்கள். அந்த ஊரில் கறுப்புத் துண்டுக்கு ஒரே அர்த்தம்தான். ராஜசேகர் வீட்டில் யாரோ செத்துவிட்டார்கள் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

விளக்கம் சொல்ல அவன் வாயைத் திறந்தான். திறந்த வாய்க்கு முன்னால் அடுத்த சட்டி வந்தது. ஓசூர்க் கணக்குப்படி புறக்கணிப்பு கம்பெனிச் சோற்றுக்குத்தான், அக்கம்பக்கத்தார் சோற்றுக்கு இல்லை. ஆகவே வாங்கி வைத்தான். பசியும் இருந்தது, சாப்பிட்டான். குற்றவுணர்ச்சியோடுதான் சாப்பிட்டான் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் மான் கறி ருசியாக இருந்தது.

கடைசியாகக் கதவைத் தட்டியது கெவின். இரண்டு கையிலும் துணி சுற்றிய ஒரு பெரிய தட்டு. கெவினின் முகத்தில் அன்றைக்கு அந்த அலுவலகப் புன்னகை இல்லை, உண்மையான வருத்தம்தான் இருந்தது.

"ராஜ், எனக்குத் தெரியாது. மன்னித்துவிடுங்கள். என் மனைவி செய்து கொடுத்தாள்."

கதவு திறந்து கிடக்க, வீட்டின் சூடெல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது. ராஜசேகர் கையைக் கட்டிக்கொண்டான்.

"வேண்டாமுங்க. உங்களுதை வாங்க மாட்டேன்."

"ஏன்?"

"யாரும் சாகலீங்க. இது துக்கத்துக்குக் குத்தினது இல்ல. உங்க மேல இருக்கற கோவத்துக்குக் குத்தினது. அந்த லாரிய நிறுத்தற வரைக்கும் முனிசிபாலிட்டிச் சாப்பாடு எனக்கு வேண்டாம். நீங்க வீட்ல செஞ்சு கொண்டாந்தாலும் நீங்க முனிசிபாலிட்டிதான்."

கெவின் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு திரும்பி நடந்தான். எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு முகம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.

சின்ன ஊரில் செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் கடைக்குப் போனான். காலை வணக்கம் சொல்ல ஆள் இல்லை. யாரும் சாகாமலே துக்கச் சாப்பாட்டை வாங்கித் தின்றவன். போதாக்குறைக்கு வீடு தேடி வந்த தட்டைத் திருப்பி அனுப்பியவன். பக்கத்து வீட்டுக்காரி அவனைக் கண்டதும் திரைச்சீலையை இழுத்து மூடினாள். கோர்டன் பட்டறையில் நேருக்கு நேராகவே கேட்டான்.

"உனக்காக நான் தொப்பியைக் கழற்றினேன். என் அப்பா செத்ததற்குப் பிறகு யாருக்கும் கழற்றியதில்லை. எங்களை முட்டாளாக்கினாயா?"

"இல்லீங்க. எங்க ஊர் வழக்கத்த உங்க ஊர்ல செஞ்சுட்டேன். அவ்வளவுதான்."

"அப்படியானால் கழற்று அதை."

"கழட்ட மாட்டேன்."

கோர்டன் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு போனான். ராஜசேகருக்கு ஓசூர்க் கேன்டீன் ஞாபகம் வந்தது. அங்கேயாவது பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இங்கே பக்கத்திலேயே யாரும் இல்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் இத்தனை தூரம் வந்து, திரும்ப அதே மாதிரிப் பேப்பரில் கையெழுத்துப் போட்டால் அப்புறம் அசோக்குமாரின் முகத்தில் எப்படி விழிப்பது?

அடுத்த கவுன்சில் கூட்டத்தில் பேச வேண்டும் என்று மேயரிடம் கேட்டான். மேயர் டோரிஸ், தபால் ஆபீஸையும் அவள்தான் நடத்துகிறாள். "வா. இந்த ஊரில் எல்லோருக்கும் உன்னிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது" என்றாள் கடுகடுப்பாக.

கூட்டத்துக்கு முன் ராஜசேகர் ஒரு காரியம் செய்தான். வந்த சட்டிகளையும் தட்டுகளையும் பளபளவென்று கழுவினான். கழுவியதை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதா? ராயக்கோட்டையில் அவன் அம்மா கேள்விப்பட்டால் என்ன ஆவது? கடையில் ரவை மாதிரி ஒன்று கிடைத்தது, சர்க்கரை கிடைத்தது, வெண்ணெய் கிடைத்தது. சரஸ்வதி அனுப்பியிருந்த ஏலக்காயைத் தட்டிப் போட்டு, பெரிய பாத்திரத்தில் கேசரி கிண்டினான். ஒவ்வொரு சட்டியிலும் கேசரியை நிரப்பி, சமூகக் கூடத்தின் வாசல் மேசையில் வரிசையாக வைத்தான்.

கூடம் நிறைந்திருந்தது. கவுன்சிலர்கள் மேடையில், கெவின் ஓரத்தில், ஊர் எதிரில். டோரிஸ் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தாள்.

"நேராகவே கேட்கிறேன். யார் செத்தது?"

ராஜசேகர் எழுந்து நின்றான்.

"யாரும் சாகலீங்க. வாசல்ல உங்க சட்டியில எல்லாம் இனிப்பு வெச்சிருக்கறேன், பாருங்க. எங்க ஊர்ல எழவு வீட்ல இனிப்பு கிண்ட மாட்டாங்க. எங்க ஊர்ல இந்தக் கறுப்புத் துணி, அநியாயம்னு சொல்றதுக்குக் குத்தறது. உங்க ஊர்ல அதுக்கு வேற அர்த்தம்னு தெரியாமப் போச்சு. சாப்பாட்டுக்கு நன்றி. ஏமாத்தணும்னு வாங்கல."

யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். அவன் நிறுத்தவில்லை.

"லாரியில பிரேக் டிரம் விட்டுப் போயிருக்குது. சரியா இருக்குதுன்னு கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போடலன்னா என் பெர்மிட்டு, என் பொண்டாட்டி புள்ள வர்றதுக்கான கடிதம், எல்லாம் அவர் மேசையிலியே இருக்கும். அது தெரிஞ்சுதான் பேசறேன். நாளைக்கே என்னைப் பிளேன் ஏத்துங்க, போறேன். ஆனா கையெழுத்துப் போட மாட்டேன்."

தண்ணீர் எடுத்து ஒரு வாய் குடித்தான்.

"எங்க ஊர் ஃபேக்டரியில ஒருத்தனுக்கு மூணு விரல் போச்சு. அன்னிக்கும் இந்தத் துணியக் குத்தினேன். விரல் போனதுக்கு அப்பறம் குத்தினேன். குத்தி என்னா? விரல் வந்துச்சா?" மார்பிலிருந்த சாக்ஸ் துண்டைத் தொட்டுக் காட்டினான். "உங்க பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல அந்தச் சரிவு. இந்த வாட்டி முன்னாடியே குத்தியிருக்கறேன்."

கெவின் எழுந்து, சரக்கு விமானத்தைப் பற்றியும் நிர்வாகச் சிரமத்தைப் பற்றியும் அழகாகப் பேசத் தொடங்கினான். அவன் முடிப்பதற்குள் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. கோர்டன்.

"நேற்று சரிவில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை" என்றான் கோர்டன் தரையைப் பார்த்தபடி. "பனிக் குவியலில் மோதி நிறுத்தினேன். பள்ளி வேலிக்குப் பக்கத்தில். பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை." பாக்கெட்டிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்தான். பல்லால் ஒரு துண்டு கடித்து, தன் மார்பில் ஒட்டிக்கொண்டான். டேப்பைத் தனக்கு முன்னால் இருந்த வரிசைக்கு நீட்டினான். அதை வாங்கியது, திரைச்சீலையை இழுத்து மூடிய பக்கத்து வீட்டுக்காரி.

டேப் வரிசை வரிசையாகப் போனது. பாதிப் பேருக்கு அது எதற்கு என்று இன்னும் சரியாகப் புரிந்திருக்காது என்பது என் எண்ணம். ஆனாலும் ஒட்டிக்கொண்டார்கள். ராஜசேகர் நின்ற இடத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அழுகை வந்தது, அழுதான். ஓசூரில் ஒவ்வொரு தட்டாக நிரம்பியதைப் பார்த்த கண் இது. இப்படி ஒரு காட்சி தனக்குக் கிடைக்கும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

லாரியை நிறுத்துவது, பிக்கப் வண்டியில் தொட்டி வைத்துத் தண்ணீர் ஊற்றுவது, டிரம்மை விமானத்தில் வரவழைப்பது என்று கவுன்சில் முடிவு செய்தது. முடிந்ததும் டோரிஸ் கெவின் பக்கம் திரும்பினாள்.

"இந்த ஊரிலிருந்து எந்தக் கடிதம் போகிறது, எது போகவில்லை என்று எனக்குத் தெரியும், கெவின். நாளைக்கு நான் ஆபீஸைத் திறக்கும்போது அந்தக் கவர் என் கவுன்டரில் இருக்க வேண்டும்."

இருந்தது. டிரம் வந்து, மாட்டி, சரிவில் ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகு ராஜசேகர் சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டான், 'ரா'வில் கொக்கி, அடியில் கோடு எல்லாம் வைத்து. வெள்ளிக்கிழமை சூப் வரிசையில் கிண்ணத்தோடு நின்றான். அன்றைக்குக் கரண்டி கெவின் கையில் இருந்தது.

"இனி அந்தக் கறுப்புத் துண்டு வேண்டியதில்லை, இல்லையா?" என்றான் கெவின், ஊற்றிக்கொண்டே.

"கழட்டிட்டேன். தூக்கிப் போடல" என்றான் ராஜசேகர்.

சரஸ்வதிக்கும் வினிதாவுக்கும் விசா வந்தபோது ஏரியின் பனி உருகத் தொடங்கியிருந்தது. பாகலூர் ரோட்டு வீட்டில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த மனைவியிடம் போனில் பேசினான்.

"கம்பளித் துணி எல்லாம் எடுத்து வெச்சாச்சா?"

"எல்லாம் வெச்சாச்சு. கறுப்புத் துணியும் ஒரு மீட்டர் வாங்கி வெச்சிருக்கறேன்."

"அது என்னாத்துக்கு?"

"அந்த ஊர்க் கடையில கிடைக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க? சாக்ஸை எல்லாம் வெட்டிட்டு இருக்காதீங்க. நானும் அங்க எங்கியாச்சும் வேலைக்குப் போவேன்ல? ஊக்கும் ஒரு பாக்கெட் வெச்சிருக்கறேன்."